மலைநாட்டு வைத்தியமும் நடைபாதை மருந்தும்

தில்லியில் ரயில்வே டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊராரின் நோய்நொடிகள் தானாகவே தெரிந்துவிடும். கையில் ஆஸ்பத்திரிக் காகிதக் கட்டுடன் வந்து, தயங்கித் தயங்கி, “சார், பதான்கோட்டுக்கு இரண்டு பெர்த்” என்று தமிழில் கேட்பவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பதான்கோட்டில் இறங்கி, பஸ் ஏறி, தர்மசாலா போவார்கள். பெரிய டாக்டர்கள் கைவிரித்த பிறகு திபெத்திய வைத்தியரிடம் கடைசியாக ஒரு தடவை காட்டிவிடலாம் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் அதைக் காசாக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நம்மவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

எனக்குத் தெரிந்த தமிழர் ஒருவர் இங்கே ஒரு கேண்டீனில் சமையல் வேலை பார்க்கிறார். பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. ஒரு நாள் நடைபாதைக் கூடாரத்தில், “லாமாக்களின் மருந்து, நாற்பது நாளில் சர்க்கரை போய்விடும்” என்று ஒருவன் விற்ற பொடியை வாங்கினார். அரை மாதச் சம்பளம் அதற்கே போயிற்று. ஊசியையும் நிறுத்திவிட்டார். காலில் ஒரு சிறு புண் வந்தது, கவனிக்கவில்லை. கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு அவரை நானே உண்மையான திபெத்திய வைத்தியர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். அவர் பொடியை முகர்ந்து பார்த்துவிட்டு, “இது எங்கள் மருந்தே இல்லை. ஆஸ்பத்திரி ஊசியை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்” என்றார். அந்த வைத்தியர் மேல் அன்றுதான் எனக்கு மதிப்பு வந்தது.

அகதிகள் கொண்டுவந்த செல்வம்

திபெத்திய வைத்தியத்துக்கு அவர்கள் மொழியில் ‘சோவா ரிக்பா’ என்று பெயர். குணமாக்கும் அறிவு என்று பொருள். அதன் மூல நூல் ‘கியூ ஷி’. நான்கு பகுதிகள், 156 அத்தியாயங்கள். அதை இன்றுள்ள வடிவத்தில் அமைத்தவர் 12-ம் நூற்றாண்டைச் சேர்ந்த யுதோக் யோந்தன் கோன்போ என்பது மரபு. நம் நாட்டு வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் 11-ம் நூற்றாண்டிலேயே திபெத்திய மொழிக்குப் போய்விட்டது. அதனால்தான் நாம் வாதம், பித்தம், கபம் என்பதை அவர்கள் லுங், திரிபா, பேகன் என்கிறார்கள்.

மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து நாடி பார்ப்பது நம் சித்த வைத்தியர்களுக்கும் அவர்களுக்கும் பொது. நம்மிடம் சிறுநீரில் எண்ணெய்த் துளி விட்டுப் பார்க்கும் நெய்க்குறி உண்டு. அவர்கள் காலை முதல் சிறுநீரைக் குச்சியால் கடைந்து நுரை, நிறம், வாடை பார்க்கிறார்கள். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் கடுக்காய்தான் அவர்களுக்கு மருந்துகளின் அரசன். கேட்கக் கேட்க, தூரத்து உறவினரைச் சந்தித்தது போல் இருந்தது எனக்கு.

லாசாவில் 1696-ல் சக்போரி என்ற குன்றின் மேல் வைத்தியக் கல்லூரி ஒன்றை ஏற்படுத்தினார்கள். ஐந்தாம் தலாய் லாமாவிடம் ஆட்சிப் பொறுப்பில் இருந்த சாங்கியே கியாட்சோ என்பவர் செய்த ஏற்பாடு அது. மூல நூலுக்கு உரை எழுதி, அதைப் படங்களாகவும் வரைவித்தவர் அவரே. அவை 79 படங்கள். படிக்கத் தெரியாதவனும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். 1916-ல் லாசாவில் ‘மென் சீ காங்’ என்ற இரண்டாவது வைத்திய நிலையம் எழுந்தது. 1959-ல் நடந்த சண்டையில் சக்போரி இடிந்து தரைமட்டமாயிற்று.

தலாய் லாமாவின் பின்னால் மலை தாண்டி வந்தவர்களுக்கு உடுக்க மாற்றுத் துணி இல்லை. ஆனால் இரண்டே வருஷத்தில், 1961-ல், தர்மசாலாவில் மென் சீ காங்கை மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். அதை முன்னின்று தொடங்கிய டாக்டர் யேஷி தோந்தன் பின்னாளில் 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். மறு வருஷம் காலமானார். சீனச் சிறைகளில் நீண்ட காலம் வாடிய டாக்டர் தென்சின் சோட்ராக் 1980-ல் இந்தியா வந்து அதே நிலையத்தில் பணியாற்றினார். இன்று அந்த நிலையத்துக்கு நாடெங்கும் கிளைகள் உண்டு. 1992-ல் டார்ஜிலிங்கில் சக்போரியின் பெயரிலும் ஒரு கல்வி நிலையம் வந்தது. பிழைக்க வந்த இடத்தில் சங்கம் வைத்துச் சண்டை போட்டுக்கொள்ளும் நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சட்டம் கொடுத்த அந்தஸ்து

2010-ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றோடு சோவா ரிக்பாவையும் சேர்த்தது. லே நகரில் தேசிய சோவா ரிக்பா நிலையம் அமைக்க 2019-ல் மத்திய மந்திரிசபை ஒப்புதல் தந்தது. 2020-ல் வந்த இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டத்திலும் அதற்கு இடம் உண்டு. ஆகவே, படித்துப் பதிவு பெற்ற சோவா ரிக்பா வைத்தியர் வேறு, கூடாரம் போட்டு விற்பவன் வேறு. இந்த வித்தியாசம் நம் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சர்க்கார் அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்பதற்காக எல்லா மருந்தும் எல்லா நோயையும் தீர்க்கும் என்று அர்த்தமாகிவிடாது. நிறைய நோயாளிகளை வைத்து ஒழுங்காகச் சோதித்துப் பார்த்த திபெத்திய மருந்துகள் குறைவு. அவர்களுடைய ரத்தின மாத்திரைகள் சிலவற்றில் சுத்திசெய்த பாதரசம் சேர்கிறது. நம் சித்த மருந்துகளிலும் ரசம் உண்டு. சுத்தி சரியாக நடந்ததா என்பதை நோயாளி நாக்கில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. தப்பினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. சோதனைச்சாலைதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தொகுதி மருந்தையும் சோதித்து, முடிவை டப்பாவின் மேலேயே அச்சடிக்கச் சட்டம் வர வேண்டும் என்பது என் கட்சி.

இது பாரம்பரியத்துக்கு அவமரியாதை என்று சிலர் கோபிக்கலாம். அப்படி இல்லை. சுவிட்சர்லாந்தில் 1969-ல் தொடங்கிய பத்மா என்ற நிறுவனம் திபெத்திய முறை மருந்து ஒன்றை மாத்திரையாக்கி, காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்குக் கொடுத்துச் சோதித்தது. சோதனைக்கு நின்றதால் அந்த மருந்துக்குக் கௌரவம் கூடியதே தவிரக் குறையவில்லை.

இன்னொரு கவலையும் உண்டு. மருந்துச் செடிகள் மலையில் குறைந்து வருகின்றன. நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் கடுகுரோகணியும் சடாமாஞ்சிலும் இமயமலைச் சரக்குதான். இரண்டும் இன்று சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டில் உள்ளவை. வேரோடு பிடுங்கி விற்பதை விட்டு, பயிரிட்டு எடுக்க மலைவாசிகளுக்குச் சர்க்கார் உதவ வேண்டும். சரக்கு கிடைக்காமல் போனால் போலிச் சரக்குதான் வரும்.

நாம் செய்ய வேண்டியது

போவதானால் முறையான கிளைக்குப் போங்கள். வைத்தியரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். நல்ல வைத்தியர் கோபிக்க மாட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டை மறைக்காமல் காட்டுங்கள். அங்கே வாங்கிய மருந்தை ஆஸ்பத்திரி டாக்டரிடமும் சொல்லுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய், புற்றுநோய் ஆகியவற்றுக்கு நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். “நாற்பது நாளில் பூரண குணம்” என்று எவன் சொன்னாலும் பர்ஸை மூடிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

கேண்டீன் நண்பர் இப்போது ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். கொஞ்சம் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறார். போன வாரம் கவுண்ட்டருக்கு வந்து ஊருக்கு டிக்கெட் எடுத்தார். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற பையனிடம் நடைபாதைப் பொடியின் கதையை அவரே சொல்லிக்கொண்டிருந்தார். பையன் பதில் சொல்லாமல் குனிந்து அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.