அக்கா மகள் தேர்ந்தெடுத்த படிப்பு

அமெரிக்காவில் என் அக்கா மகளுக்கு டாக்டர் படிப்பில் இது கடைசி வருஷம். மேலே மனநல மருத்துவம்தான் படிப்பேன் என்றாளாம். "பைத்தியக்கார டாக்டரா?" என்று அக்கா போனில் ஒரே அழுகை. "உடம்புக்கு வருவது மனசுக்கு வராதா? தம்பி பிறந்ததும் அம்மா மூன்று மாதம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாளே, மறந்துவிட்டதா?" என்றேன். அக்கா பேசவில்லை.

அங்கே இந்தப் படிப்பு நான்கு வருஷம். மாணவர்கள் தரும் வரிசையையும் ஆஸ்பத்திரிகள் தரும் வரிசையையும் பொருத்தி, எந்த இடம் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும். மார்ச்சில் தெரியும். கிடைக்குமோ கிடைக்காதோ என்று கணக்குப் போடாமல், மனசுக்குப் பிடித்த இடத்தையே முதலில் எழுத வேண்டும். அதனால் நஷ்டமே இல்லை.

முன்கூட்டியே வெளியூர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வேலை பழகலாம். இந்தப் பிரிவுக்கு அது கட்டாயமில்லை, கைக்காசும் கரையும். இவள் ஒரே இடத்துக்குத்தான் போனாள்.

"என்னடி பார்த்தாய்?"

"ராத்திரி டியூட்டியில் சந்தேகம் வந்தால் பெரிய டாக்டரைத் தயங்காமல் கூப்பிட முடிகிறதா, மருந்தோடு பேசிக் குணப்படுத்தவும் சொல்லித் தருகிறார்களா, பிரசவமான தாய்மாரைக் கவனிக்கப் பயிற்சி உண்டா என்று பார்த்தேன், சித்தி."

பெண் பார்க்க வருகிறவர்களை நாமும் பார்த்துக்கொள்வதில்லையா? அது மாதிரிதான்!

அந்த ஆஸ்பத்திரியைத்தான் முதலில் எழுதப் போகிறாளாம். அக்காவும் சரி என்றுவிட்டாள்.

சகோதரிகளே, பிள்ளை பெற்றவள் இரண்டு வாரத்துக்கு மேலும் அழுதுகொண்டே இருந்தால் திட்டாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். எங்கள் அம்மாவை யாரும் அழைத்துப் போகவில்லை.