கிளாசிஃபைட் என்றால் ரகசியமா?

போன வாரம் ஒரு மொழிபெயர்ப்புச் செய்தியில் வகைப்படுத்தப்பட்ட ஆவணங்கள் கசிந்தன என்று படித்தேன். கசிந்தால் என்ன, எங்கள் பீரோவில் துணிகூட வகைப்படுத்தித்தானே இருக்கிறது என்று சிரிப்பு வந்தது. மூலத்தில் 'கிளாசிஃபைட்' என்று இருந்திருக்கும். ரகசிய ஆவணம் என்று எழுதியிருக்க வேண்டும்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த வார்த்தையே அப்படி. முதல் அர்த்தம் பிரித்து வைப்பது. ஆம்பூர்ப் பக்கம் இதை விளக்கவே வேண்டாம். தோலை வெளிச்சத்தில் விரித்து, முள் கீறல், அம்மைத் தழும்பு, உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு எல்லாம் பார்த்து தரம் தரமாகப் பிரிப்பார்கள். எந்த அடுக்கோ அந்த விலை. அதே வார்த்தை பேப்பரில் வந்தால் வரி விளம்பரம். வீடு வாடகைக்கு, மணமகள் தேவை... ஊருக்கே தெரியட்டும் என்று காசு கொடுத்துப் போடுவது!

அரசாங்கக் கோப்பில் ஏறினால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறது. அங்கேயும் நடப்பது பிரிப்பதுதான்: டாப் சீக்ரெட், சீக்ரெட், கான்ஃபிடென்ஷியல், ரெஸ்ட்ரிக்டட் என்று நான்கு அடுக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், 1923-ம் வருட அலுவல் ரகசியச் சட்டம் எது ரகசியம் என்று வரையறுக்கவே இல்லை. முத்திரை குத்துகிறவர் வைத்ததுதான் சட்டம். தோல் என்றாலாவது கீறலைக் காட்டிச் சண்டை போடலாம் :-)

எனக்கு ஏன் இந்த அக்கறை? பாலாறுதான் காரணம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களை நிறம் வைத்துப் பிரிக்கிறது. தோல் பதனிடுவது சிவப்பு வகை. இது யாரும் பார்க்கக்கூடிய கிளாசிஃபைட். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்றது. அதே பாலாறு, அதே இழப்பீடு பற்றி 2025 ஜனவரியில் மறுபடியும் ஒரு தீர்ப்பு!

2005-ம் வருடத் தகவல் உரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவில் வணிக ரகசியத்துக்கு விலக்கு உண்டு. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்றும் அங்கேயே இருக்கிறது. நான் தொழிலுக்கு எதிரி இல்லை, எங்கள் வீட்டுச் சாப்பாடும் தோல் காசுதான். தோல் மிருதுவாக என்ன எண்ணெய் போடுகிறார்கள் என்பது அவர்கள் ரகசியம், வைத்துக்கொள்ளட்டும். வெளியே வரும் தண்ணீரில் எவ்வளவு உப்பு, எவ்வளவு குரோமியம் என்பது மட்டும் வரி விளம்பரம் மாதிரி தினமும் பேப்பரில் வர வேண்டும்.