ஆபத்தை அறிந்தவர் வாய்திறக்கும் உரிமை

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 4ஆம் நாள் பெங்களூருவின் பெரிய கட்டுமானத் தளங்களில் தேசியப் பாதுகாப்பு நாள் கொண்டாடப்படுகிறது. உறுதிமொழி வாசிக்கப்படுகிறது, பதாகையின் முன் படம் எடுக்கப்படுகிறது. தேசியப் பாதுகாப்புக் குழுமம் 1966இல் தொடங்கப்பட்டதை நினைவுகூரும் இச்சடங்கை நான் பழிக்கவில்லை. ஆனால் தொழிலாளிக்கு ஆபத்து தெரியாது, தெரிவித்துவிட்டால் விபத்து குறையும் என்ற அனுமானம் அதனடியில் இருக்கிறது. கள ஆய்வில் நான் கண்டது வேறு.

திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து இங்கே சென்ட்ரிங் வேலை செய்யும் ஓர் அண்ணனிடம், சாரம் உறுதியாக இல்லை என்பதை எப்படி அறிவீர்கள் என்று கேட்டேன். "கால் வச்சதுமே தெரிஞ்சிடும் தம்பி" என்றார். மேஸ்திரியிடம் சொல்வீர்களா என்றேன். சிரித்தார். "சொன்னா நாளைக்கு வேற ஆளைக் கூப்பிடுவாரு."

பாதுகாப்பு விழிப்புணர்வு பற்றிய நம் விவாதம் இந்தச் சிரிப்பிலிருந்து தொடங்கவேண்டும்.

2023 ஜனவரி 10 அன்று நாகவாரா அருகே மெட்ரோ தூணுக்காக நிறுத்தியிருந்த கம்பிக்கூடு சாலையில் சாய்ந்தது. இருசக்கர வண்டியில் சென்ற ஒரு தாயும் அவருடைய சிறு மகனும் இறந்தனர். கான்கிரீட் ஊற்றும்வரை அத்தகைய கூட்டை நிமிர்த்தி வைப்பவை இழுகம்பிகளும் முட்டுகளுமே. அவை போதுமானவையா என்பது அருகில் நின்று கம்பி கட்டுபவரின் கண்ணில்தான் முதலில் படும். 2024 அக்டோபர் 22 அன்று கனமழையில் பாபுசாபாளையாவில் கட்டப்பட்டுவந்த அடுக்குமாடி இடிந்து ஒன்பது தொழிலாளர்கள் மாண்டனர். அது விதிமீறிய கட்டடம் என்று அரசு பின்னர் அறிவித்தது.

தலைக்கவசத்தைத் தொழிலாளர்களே கழற்றி வைக்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் சதுர அடிக் கணக்கில் கூலி பெறுபவருக்கு நின்று நிதானிப்பது வருமான இழப்பு. இடுப்பில் பெல்ட்டைக் கொடுத்துவிட்டு, அதன் கொக்கியை மாட்டக் கயிறு கட்டாத தளங்களும் உண்டு. அங்கே பழியை அவருடைய அலட்சியத்தின்மேல் போடுவது நேர்மையன்று.

1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம், 500 பேருக்குக் குறையாத தளங்களில் பாதுகாப்புக் குழு அமைக்கச் சொன்னது. அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் முதலாளி தரப்பைவிடக் குறையக் கூடாது என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, உயிராபத்து நெருங்குவதாக அஞ்சும் தொழிலாளி அதை முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்க வழிசெய்கிறது. ஆனால் மறுநாள் வேலைக்கு உறுதி இல்லாதவர் இந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவார்? ஏழெட்டுப் பேர் மட்டுமே வேலை செய்யும் சந்துக் கட்டடங்களின் நிலை இன்னும் மோசம்.

எனவே அன்றாட விழிப்புணர்வு என்பதற்கு நான் கொள்ளும் பொருள் எளியது. காலையில் வேலை தொடங்குமுன் பத்து நிமிடம், கூலியோடு, தொழிலாளர்களின் மொழியில் பேசவேண்டும். "நேற்று எது ஆடியது? எங்கே பயந்தீர்கள்?" என்பதே முதல் கேள்வியாக இருக்கவேண்டும். சித்தாள் பெண்களிடமும் அதைக் கேட்கவேண்டும். சொன்னது சரிசெய்யப்பட்டதா என்பது மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் தெரியவேண்டும். சரிசெய்ய வேலை நின்றால் அந்நேரத்துக்கும் கூலி உண்டு என்பது எழுத்தில் இருக்கவேண்டும்.

நாகவாரா விபத்தின் காரணத்தை ஆராய இந்திய அறிவியல் கழகத்தை அழைத்தார்கள். இடிந்தபின் நம் அறிவுலகம் அழைக்கப்படுவது வழக்கம். இடியுமுன் நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. நம் வளாகங்களிலும் தகரத் தடுப்புகளுக்குப் பின்னால் விடுதிகளும் ஆய்வகங்களும் எழுகின்றன. அங்கே வேலை தருபவர்கள் நாம். அந்தப் பத்து நிமிடத்தையும் நிறுத்தக் கூலியையும் நம் ஒப்பந்தப்புள்ளிகளில் நிபந்தனையாகச் சேர்க்கும்படி ஆசிரியர் மன்றங்களும் மாணவர் பேரவைகளும் கோரலாம். நாளை வகுப்புக்குப் போகும் வழியில் அத்தடுப்பின் அருகே ஒரு நிமிடம் நின்று, உள்ளே இருப்பவரிடம் பேசிப் பாருங்கள்.