வலிக்கும் முன்னே வாயைத் திறங்கள்!

கண் சிவந்தால் அன்றைக்கே சொட்டுமருந்து வாங்குகிறோம். காய்ச்சல் இரண்டாவது நாளும் விடவில்லை என்றால் டாக்டரிடம் ஓடுகிறோம். பல் விஷயத்தில் மட்டும், ‘வலிக்கலியே... பிறகு பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுவது பெரும்பாலான வீடுகளில் வழக்கம்.

இந்தக் கணக்கு தப்பு. பல்லின் மேல்பூச்சான எனாமலில் நரம்பே கிடையாது. சொத்தை அங்கே தொடங்கி மாதக்கணக்கில் அரித்தாலும் ஒன்றும் தெரியாது. உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் பகுதியை நெருங்கும்போதுதான் ராத்திரித் தூக்கம் போகும். ஈறு நோயும் பெரும்பாலும் இப்படித்தான். வாய்ப்புற்றும் தொடக்கத்தில் பெரிதாக வலிப்பதில்லை. வலி வந்த பிறகு கிளம்புகிறவருக்கு வேர் சிகிச்சை, பல் பிடுங்குதல் என்று செலவும் சிரமமும் மட்டுமே மிச்சம்.

குமரி மாவட்டத்தில் பேத்தி, அப்பா, ஆச்சி என மூன்று தலைமுறை சேர்ந்திருக்கும் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் வாயிலும் கவனிக்க வேண்டியது வேறு வேறு.

பேத்தி: சொல்லாமல் வரும் கடைவாய்ப்பல்

ஆறு வயதை ஒட்டி முன்பல் ஆடத் தொடங்கியதும் வீடே அதைக் கவனிக்கும். விழுந்த பல்லைக் கூரைமேல் எறிவது வரை கொண்டாட்டம்தான். அதே சமயத்தில் வாயின் பின்பக்கம், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், மேலும் கீழுமாக நான்கு பெரிய கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. இவற்றுக்கு இடம்விட எந்தப் பல்லும் விழுவதில்லை. அதனால் வந்ததே பலருக்குத் தெரிவதில்லை.

பிறகு அதில் கறுப்பு தென்பட்டால், ‘பால்பல்தானே, விழுந்து முளைச்சிடும்’ என்று விட்டுவிடுகிறார்கள். முளைக்காது. அது நிரந்தரப் பல். அந்தக் குழந்தை தன் பேரன் பேத்தியைப் பார்க்கும் வயதிலும் அதில்தான் மென்று சாப்பிட வேண்டும்.

இந்தப் பல்லின் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் உண்டு. முளைத்து வரும் மாதங்களில் அது பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்து நிற்பதால் பிரஷ் சரியாகப் படாது. அந்தப் பள்ளத்தில்தான் ஏத்தங்காய் சிப்ஸும் பிஸ்கட்டும் மாவாகப் போய் ஒட்டிக்கொள்கின்றன. வாயிலுள்ள பாக்டீரியாக்கள் மாவையும் சர்க்கரையையும் தின்று அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் எனாமலைக் கரைக்கிறது. ‘நாங்க சீனியே கொடுக்கிறதில்லை, கருப்பட்டிதான்’ என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான். பாக்டீரியாவுக்கு இரண்டும் ஒன்று.

அதற்காக முந்திரிக்கொத்தை மறந்துவிட வேண்டாம். எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறோம் என்பதுதான் பல்லுக்கு முக்கியம். ஒவ்வொரு தடவையும் அமிலம் சுரந்தபின், எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமாவது பிடிக்கும். சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு முந்திரிக்கொத்து தின்றால் பல் தாங்கும். டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கொறித்தால் தாங்காது.

பெற்றோர் செய்ய வேண்டியவை இவைதான். ஏழு, எட்டு வயது வரை ராத்திரி பல் துலக்கிவிடுவது பெரியவர்களின் வேலையாக இருக்கட்டும். ஃப்ளூரைடு கலந்த பேஸ்ட்டை மூன்று வயதுக்குள் அரிசி அளவும், மூன்றிலிருந்து ஆறு வயது வரை பட்டாணி அளவும் வைத்தால் போதும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளூரைடும் போய்விடும். கடைவாய்ப்பல் முழுதாக முளைத்ததும் பல் டாக்டரிடம் காட்டி, பள்ளங்களை மெல்லிய பூச்சால் அடைக்கலாமா என்று கேளுங்கள். ‘சீலன்ட்’ என்று பெயர். ஊசி இல்லை, பல்லைத் துளைப்பதில்லை, சில நிமிட வேலை.

பல்லில் சுண்ணாம்பு போல வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது சொத்தையின் முதல் படி. அந்தக் கட்டத்தில் ஃப்ளூரைடு சிகிச்சையால் திருப்பிவிடலாம். குழி விழுந்துவிட்டால் திருப்ப முடியாது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி அரசுப் பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழு பல் சொத்தையையும் பார்க்கிறது. அவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டு புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள்.

அப்பா: ரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்தக் கூடாது

பிரஷ் செய்யும்போது ரத்தம் வந்தால், அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவது பலரின் பழக்கம். நடக்க வேண்டியது இதற்கு நேர் எதிர். ஈறு ஓரத்தில் படியும் அழுக்கு இறுகிக் காரையாகிறது. அதனால் ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது. துலக்காமல் விட்டால் காரை கூடும். மெல்ல மெல்லப் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். ஒருநாள் நல்ல பல்லே ஆடத் தொடங்கும். இவ்வளவுக்கும் நடுவில் வலி பெரிதாக இருக்காது.

‘கிளீன் பண்ணினால் பல் ஆடும்’ என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஏற்கெனவே எலும்பு கரைந்த பல்லை அதுவரை காரைதான் தாங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் உண்மை நிலை தெரிகிறது, அவ்வளவுதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினம்.

‘அந்தக் காலத்தில் உமிக்கரியும் உப்பும்தான், எங்களுக்கு என்ன ஆச்சு?’ என்று பெரியவர்கள் கேட்பார்கள். அன்று பலகாரம் திருவிழாவுக்கும் விசேஷத்துக்கும்தான். இன்று போல பாக்கெட் தீனி நாள் முழுக்க வாயில் இல்லை. உமிக்கரி சொரசொரப்பானது. தினமும் தேய்த்தால் எனாமல் தேய்ந்து கூச்சம் வரும். ஃப்ளூரைடும் அதில் இல்லை. ஈர்க்கிலால் மெதுவாக நாக்கு வழிப்பதில் தவறில்லை. அதையே பல்லிடுக்கில் குத்தினால் ஈறு புண்ணாகும்.

ஆச்சி: நெய்யூர் சொன்ன எச்சரிக்கை

வெற்றிலைச்செல்லம் இருக்கும் வீடுகள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். நாகர்கோவிலுக்கு மேற்கே இருக்கும் நெய்யூரில் 1838-இல் லண்டன் மிஷன் மருத்துவப்பணி தொடங்கியது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஹோவர்ட் சாமர்வெல், பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்தது இங்கேதான். அதே நெய்யூரில் பணியாற்றிய ஐ.எம்.ஆர் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி ‘லான்செட்’ மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். ஆண்டு 1933. குமரி மாவட்டம் திருவிதாங்கூரின் தென்பகுதியாக இருந்த காலம் அது. அன்று உலகத்துக்குப் போன எச்சரிக்கை, இந்த மண்ணின் நோயாளிகளிடமிருந்து கிடைத்தது.

பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த முறுக்கானை மட்டுமல்ல, பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவே வகைப்படுத்தியது. ‘போயிலை போடலை, வெறும் பாக்குதான்’ என்பது பாதுகாப்பு ஆகாது.

ஆச்சியை அதட்டி நிறுத்த முடியாது. பல வருஷப் பழக்கம். ஆனால் வாயைப் பார்க்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், மூன்று விரலை அடுக்கிச் செருகும் அளவுக்கு வாய் திறக்க முடியாமை... இதில் ஒன்று இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். பல்செட் வைத்திருப்பவர்கள் ராத்திரி கழற்றி, கழுவி, தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். பல்லே இல்லாதவர்களுக்கும் வருஷத்துக்கு ஒரு முறை வாய்ப் பரிசோதனை தேவை.

எங்கே போவது?

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பொதுவாகப் பல் மருத்துவக் கல்லூரிகளில் தனியார் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு. வேறு ஊர்களில் இருப்பவர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் பல் மருத்துவர் வரும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. இதைப் படிக்கும் போனிலேயே டார்ச் இருக்கிறது. இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வீட்டில் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். பேத்தியின் பின்பக்கக் கடைவாய், அப்பாவின் ஈறு, ஆச்சியின் கன்னத்தின் உட்புறம். ஐந்து நிமிடம்கூட ஆகாது.