மஞ்சள் விளக்கு எரிந்தால்

சென்ற மாதச் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வருகையில் அன்பர் ஒருவர் என்னைத் தம் பழைய காரிடம் அழைத்துச் சென்றார். இஞ்சின் உருவம் பொறித்த மஞ்சள் விளக்கு அணையாது எரிவதைக் காட்டி, "இனி இதை விற்றுவிட வேண்டியதுதானா?" என்று வினவினார். அதே கவலையால் சென்ற ஆண்டு நானும் உறக்கம் இழந்தவன்.

ரயில்வேக்காரனுக்குக் கார் எதற்கு என்பீர்கள். என் தாயாரை வாரம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டியே 2014-ஆம் ஆண்டுப் பெட்ரோல் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஒருநாள் மேம்பாலம் ஏறும்போது வண்டி குலுங்கிற்று. விளக்கு விட்டுவிட்டு மின்னிப் பின் நிலையாக எரிந்தது. புகையைத் தூய்மையாக்கும் கன்வர்ட்டர் பழுதென்றும், மாற்ற நாற்பதாயிரம் ரூபாய் ஆகுமென்றும் பெரிய பணிமனை ஒன்றில் கூறினர். தாயாரின் வைத்தியத்திற்கென வைத்திருந்த பணம் ஏறத்தாழ அவ்வளவே.

பணம் கட்டுமுன் நானே பார்த்துவிடத் துணிந்தேன். இத்தகைய வண்டிகளில் ஸ்டியரிங்கின் கீழே 16 முனைகள் கொண்ட செருகுவாய் ஒன்று உண்டு. அதில் பொருத்தும் சிறு கருவி ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. கைப்பேசியுடன் அதனை இணைத்தால், வண்டியின் கணினி பதிந்து வைத்த குறியீடுகள் தெரியும். எனக்குத் தெரிந்தவை இரண்டு: பி0420, பி0301. முன்னது கன்வர்ட்டரின் திறன் குறைந்ததென்னும் புகார். பின்னது முதலாம் சிலிண்டரில் எரிபொருள் சரிவரப் பற்றவில்லை என்பது. பணிமனையார் முன்னதை மட்டுமே பிடித்துக்கொண்டனர் போலும்! பற்றாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் சென்றால் அதன் வேலை கெடாதோ?

குறியீடுகளைத் தாளில் எழுதிக்கொண்ட பின்னரே அழிக்கவேண்டும். அழித்தால் விளக்கு அணையும், பழுது நீங்காது. பலர் பாட்டரிக் கம்பியைக் கழற்றி மாட்டி, இருந்த ஒரே சாட்சியத்தையும் இழந்துவிடுகின்றனர்.

இஞ்சின் நன்கு ஆறியபின், முதலாம் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதன் காயிலை முதலாவதிலும் மாற்றிப் பொருத்தினேன். சிறிது தூரம் ஓட்டியதும் குறியீடு பி0302 என வந்தது. பழுது காயிலோடு இடம் மாறிற்று. ஆகவே குற்றவாளி அதுவே. பி0301 என்றே மீண்டும் வந்திருப்பின், பிளக், இன்ஜெக்டர், அழுத்தம் என ஒவ்வொன்றாக ஆராயவேண்டியிருக்கும். புதுக் காயிலுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. பி0420 பிறகு தலைகாட்டவேயில்லை.

ஒன்றில் மட்டும் அசட்டை கூடாது. விளக்கு நிலையாக எரிந்து வண்டியும் சீராக ஓடினால், நிதானமாக வீடு சேரலாம். விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து, இயன்ற விரைவில் ஓரமாக நிறுத்துக. ஓட்டிக்கொண்டேயிருந்தால் கன்வர்ட்டர் அளவுமீறிச் சூடாகி மெய்யாகவே பாழாகும். சிவப்பு நிற எண்ணெய் விளக்கு எரிந்தாலோ, அக்கணமே இஞ்சினை அணைத்துவிடவேண்டும்.

அன்பரின் வண்டியை வரும் ஞாயிறு காலை பார்ப்பதாக இருக்கிறேன். அதன்பின் கருவி சங்க நூலகத்தில் இருக்கும். வேண்டுவோர் பேரேட்டில் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம்.