சிக்கனம் உயிரைக் குடிப்பதோ?

கல்முனைக் கரையோரத்தில் கைவினைக்குப் பஞ்சமில்லை. மருதமுனையில் தறி ஓட்டும் கை உண்டு. சாய்ந்தமருதில் வலை இழுக்கும் கை உண்டு. சம்மாந்துறையில் ஏர் பிடித்த கை உண்டு. தன் வேலையைத் தானே செய்து முடிப்பது நம் மக்களின் பெருமை. ஆயின், மின்கம்பியின் முன் அப்பெருமை தலைவணங்கத்தான் வேண்டும்.

வரம்பிலே நண்டு வளையிட்டு நீர் கசிந்தால் உழவன் கண் அதனைக் கண்டுவிடும். மின்சாரம் கசிவதை எவர் கண்ணும் காணாது. நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று. நனைந்த உடலின் தடையை ஏறத்தாழ 1000 ஓம் எனக் கொண்டால், அதனூடே பாய்வது 230 மில்லியம்பியர். இதில் நாலிலொரு பங்கு ஓரிரு நொடி நீடித்தாலே இதயத்துடிப்பு குலைந்துவிடக்கூடும்.

இதனைத் தடுக்கவே ட்ரிப் சுவிட்ச் உள்ளது. வீடுகளில் பொருத்தப்படுவது 30 மில்லியம்பியர் கசிந்ததும், கண்ணிமைக்கும் பொழுதில் இணைப்பைத் துண்டிக்கும். நாம் செய்வதென்ன? அடிக்கடி விழுகிறதே என்று அதனை விலக்கி நேரே இணைக்கின்றோம். உருகிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியை முறுக்குகின்றோம். மூன்று துளைக் குதையின் மேல்துளையில் பேனாவைச் செருகி, இருமுனைச் செருகியைத் திணிக்கின்றோம். காவற்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கள்வனுக்குக் கதவு திறப்பதன்றோ இது!

“ஆளியை அணைத்துவிட்டேன்” என்பதும் போதிய காப்பன்று. அறியாதார் ஆளியை நொதுமல் கம்பியில் பொருத்தியிருந்தால், மின்குமிழ் அணைந்திருக்கும். கம்பியில் உயிர்ப்பு இருந்தேயிருக்கும். நம் கரையோரத்திலோ உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கின்றது. கோடையில் உலர்ந்த மணல் புவித்தொடுப்பை வலுவிழக்கச் செய்கின்றது. கிணற்றடி நீரிறைக்கும் இயந்திரத்தைத் தொடும் தாய்மார் இதனை எங்ஙனம் அறிவர்?

வீட்டில் பழகிய இத்துணிவு வயலுக்கும் செல்கின்றது. யானைக்கும் பன்றிக்கும் அஞ்சி, வீட்டு மின்சாரத்தை வெறுங்கம்பியில் பாய்ச்சுவோர் உளர். விளைச்சலை இழப்பவன் வேதனை நமக்குப் புரிகின்றது. ஆயினும் முறையான யானைவேலி, கணநேரத் துடிப்புகளாலே விலங்கை விரட்டுவது. வீட்டு மின்சாரமோ இடையறாது பாய்ந்து, பற்றியவரைக் கொல்வது. இருளில் தண்ணீர் பாய்ச்ச வரும் அயல் வயற்காரனை அக்கம்பி அடையாளம் காணுமா?

கூலி கொடுக்க வகையில்லை என்பார் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆகவே கடமை ஏழையின் தலையில் மட்டும் சுமத்தப்படலாகாது. தகுதிச் சான்று பெற்ற மின்னிணைப்பாளர் பட்டியலை உள்ளூராட்சி மன்றங்கள் ஊர்தோறும் வெளியிடட்டும். வறிய வீடுகளுக்குச் சலுகை விலையில் ட்ரிப் சுவிட்ச் வழங்க அரசு முன்வரட்டும். நம் பொறியியலாளர் ஆண்டில் ஒரு நாளையேனும் இலவசப் பரிசோதனைக்கு ஒதுக்கட்டும். பள்ளிவாசல் நிருவாகங்களும் கமக்காரர் அமைப்புகளும் வட்டவிதானைமாரும் வெறுங்கம்பிக்கு எதிராகக் குரல் எழுப்பட்டும்.

மிச்சம் பிடித்த கூலி ஒரு வாரச் செலவுக்கும் காணாது. இழந்த உயிரோ ஒரு குடும்பத்தின் வாழ்நாள் முழுவதற்குமான இழப்பு. ட்ரிப் சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானை இன்றே அழுத்திப் பாருங்கள். அது விழவில்லையெனில், அறிந்தவரை அழையுங்கள், நீங்கள் கைவைக்காதீர்கள்!