வரப்பைத் தள்ளிய ஆஸ்திரேலியா

ஏழையின் வரப்பை ஆண்டுக்கு ஒரு முழம் தள்ளிப் போடும் பண்ணையாரை நாம் அறிவோம். அதே ஏழை வீட்டுக் கலியாணத்துக்கு ஒரு மூட்டை அரிசியும் அனுப்பி வைப்பார். "ஐயா தருமவான்" என்று ஊரார் பேசிக்கொள்வார்கள். தேசங்களிலும் இப்படிப்பட்ட தருமவான்கள் உண்டு. கிழக்குத் திமோரிடம் ஆஸ்திரேலிய சர்க்கார் நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள்.

ஆஸ்திரேலியா வல்லரசு அல்ல. நடுத்தர பலமுள்ள நாடு. ஆனால் தன்னைச் சுற்றியுள்ள சின்னஞ்சிறு தீவுகளுக்கு அதுதான் பெரிய பண்ணை. அதற்கு வடக்கே கடலுக்கு அப்பால் இருப்பது கிழக்குத் திமோர். ஜனத்தொகை சுமார் 13 லட்சம்.

1942ல் ஜப்பானியரை எதிர்த்துத் திமோர் மலைகளில் போரிட்ட ஆஸ்திரேலியச் சிப்பாய்களுக்குச் சோறிட்டு, ஒளிய இடம் கொடுத்தவர்கள் அந்நாட்டு ஏழை மக்கள். அந்த யுத்தத்தில் அவர்களில் பல்லாயிரம் பேர் மாண்டனர். இதற்குக் கிடைத்த கைம்மாறு என்ன?

1975 டிசம்பர் 7 அன்று இந்தோனேஷிய ராணுவம் திமோருக்குள் புகுந்தது. ஆக்கிரமிப்பு 24 ஆண்டுகள் நீடித்தது. குண்டுக்கும் பட்டினிக்கும் நோய்க்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் பலியானார்கள். ஐ.நா. சபை இந்த ஆக்கிரமிப்பை ஏற்கவில்லை. ஆஸ்திரேலிய சர்க்காரோ 1979ல் அதற்கு முழு அங்கீகாரம் கொடுத்தது!

ஏன் இந்த அவசரம்? கடலடியில் எண்ணெயும் எரிவாயுவும் கிடந்தன. 1989 டிசம்பரில் இரு நாட்டு வெளிநாட்டு மந்திரிகளும், திமோர் கடலுக்கு மேல் பறந்த விமானத்தில் உட்கார்ந்து, அந்தச் செல்வத்தைப் பங்கு போட்டுக் கையெழுத்திட்டார்கள். கோப்பைகளை உயர்த்தி வாழ்த்தும் சொல்லிக் கொண்டார்கள். சொத்துக்கு உரியவர்களோ கீழே துப்பாக்கி முனையில் இருந்தார்கள்.

1999 ஆகஸ்ட் 30 அன்று நடந்த வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் சுதந்திரப் பாதையைத் தேர்ந்தெடுத்தனர். ராணுவத்தின் ஆதரவு பெற்ற குண்டர்கள் நாட்டைக் கொளுத்தினார்கள். அப்போது ஐ.நா. அனுமதியோடு ஆஸ்திரேலியா தலைமையில் ஒரு படை இறங்கி மக்களைக் காத்தது. இதை நாம் மறுக்கவில்லை. அரிசி மூட்டை வந்தது. வரப்பு மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை!

இரு கரைக்கும் நடுவே சமதூரத்தில் கோடு போட்டால், பங்கு போடப்பட்ட அந்தக் கடற்பகுதி திமோர் பக்கமே விழும். சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாமே என்றால், 2002 மார்ச்சில், திமோரின் சுதந்திர தினத்துக்கு இரண்டே மாதம் முன்பு, கடல் எல்லை வழக்குகளில் அந்த நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று ஆஸ்திரேலிய சர்க்கார் அறிவித்துவிட்டது. நியாயம் தன் பக்கம் இருந்தால் நீதிமன்றத்தைக் கண்டு ஓடுவானேன்?

கதை இதோடு முடியவில்லை. 2004ல் எல்லைப் பேச்சு நடந்த சமயம், உதவித் திட்டம் என்ற பெயரில் டிலி நகரில் சர்க்கார் கட்டிடம் புதுப்பிக்கப்பட்டது. அந்தச் சாக்கில் மந்திரிசபை அறையில் ஒட்டுக்கேட்கும் கருவிகள் வைக்கப்பட்டன என்பதை ஆஸ்திரேலிய உளவுத்துறையில் இருந்த ஒருவரே அம்பலப்படுத்தினார். 2018ல் அவர்மீதும் அவருடைய வக்கீல்மீதும்தான் வழக்குப் பாய்ந்தது!

திமோர் பணிந்துவிடவில்லை. ஆஸ்திரேலியாவைச் சர்வதேச சமரசக் குழுவின் முன் 2016ல் இழுத்து நிறுத்தியது. 2018 மார்ச் 6 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் பெரும்பாலும் நடுக்கோட்டையே எல்லையாக ஏற்றது. கிரேட்டர் சன்ரைஸ் எரிவாயு வயலில் 2006 ஒப்பந்தப்படி பாதிக்குப் பாதி என்றிருந்த சர்க்கார் வருமானப் பங்கு, திமோருக்குக் குறைந்தது 70 சதவீதம் என்று உயர்ந்தது.

ஆஸ்திரேலிய சர்க்கார் வேறு, அந்நாட்டு உழைப்பாளிகள் வேறு. இந்தோனேஷிய சுதந்திரத்தை நசுக்கப் புறப்பட்ட டச்சுக் கப்பல்களில் சரக்கேற்ற மறுத்தவர்கள் 1945ல் ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர்கள். நம் இந்திய மாலுமிகளும் அன்று அவர்களோடு தோளோடு தோள் நின்றார்கள்.

தோழர்களே! "அண்டை நாட்டுக்கு உதவி" என்று எந்த சர்க்கார் மார் தட்டினாலும், அது நம் நாட்டு சர்க்காராகவே இருந்தாலும், மூட்டையை மட்டும் எண்ணாதீர்கள். வரப்பு எங்கே இருக்கிறது, பஞ்சாயத்துக்கு வரத் தயாரா, லாபம் யார் பைக்குப் போகிறது என்று கேளுங்கள். வயலிலும் ஆலையிலும் நாம் கேட்கும் கேள்விகளே அவை.